தமிழ் இலக்கணமும் கணினியும்: ஒரே இளங்கலைக்குள் எப்படி அடுக்குவது?

நெய்தல்07

வணக்கம். ப்ளஸ் டூ, கணிதம்–கணினி அறிவியல் குரூப், அரசுப் பள்ளி. பிடித்தவை இரண்டு: நன்னூல், பைத்தான். போக நினைக்கும் வேலை, தமிழுக்கான பேச்சறிதல், இயந்திர மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தி போன்றவை. இரண்டையும் சேர்த்துத் தரும் டிகிரி பக்கத்துக் கல்லூரிகளில் கண்ணில் படவில்லை. பி.ஏ. தமிழா, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸா என்று வீட்டில் கேட்கிறார்கள். அரசு அல்லது உதவிபெறும் கல்லூரிக் கட்டணம்தான் கட்ட முடியும். பாடங்களை நானே பொறுக்கி அமைத்துக்கொள்ள வழி இருக்கிறதா? எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

கணக்கன்

பொறுக்குவதற்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று முதலில் எண்ணிவிடலாம்.

தமிழக அரசுப் பல்கலைகளின் இணைப்புக் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை மொத்தம் 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளின் எடையையும் எண்ணும் அலகு). பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மேஜர் என்னும் முதன்மைப் பாடமும் எலக்டிவ் என்னும் துணைப் பாடமும் (துணைப் பாடத்தை இன்னும் எல்லாரும் அலைடு என்றுதான் சொல்கிறார்கள்), பகுதி 4 திறன் பாடங்கள், பகுதி 5 என்.எஸ்.எஸ். மாதிரி விரிவாக்கப் பணி. இதில் வேறு துறை வாசலுக்குப் போய் நீங்களாக எடுப்பது நான்-மேஜர் எலக்டிவ் மட்டும். முதலாண்டில் இரண்டு தாள், தாளுக்கு 2 கிரெடிட். ஆக 140-ல் 4. அலைடு உண்டே என்பீர்கள். அதைத் துறை முடிவு செய்யும், மாணவர் அல்ல. நான்-மேஜரிலும் போதிய ஆள் சேராத தாளை நடத்த மாட்டார்கள்.

யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு வேறு கணக்கு. மூன்றாண்டுக்கு 120 கிரெடிட்: மேஜர் 60, மைனர் (கூடவே எடுக்கும் இரண்டாம் துறை) 24, பல்துறைப் பாடங்கள் 9, மீதி மொழி, திறன், விழுமியம், இன்டர்ன்ஷிப். நான்காண்டு என்றால் 160. மேஜர் 80, மைனர் 32. மைனர் 24 என்பது 4 கிரெடிட் தாளாக ஆறு தாள். ஆறு தாளில் ஒரு துறையின் அஸ்திவாரம் வந்துவிடும். நான்-மேஜர் இரண்டு தாளில் வாசல்படிதான் வரும். மத்தியப் பல்கலைகளிலும் புதுச்சேரிப் பல்கலைக் கல்லூரிகளிலும் இந்த அமைப்பு இருக்கிறது. ஆனால் "எந்த மேஜரோடும் எந்த மைனரும்" என்று கையேட்டில் போட்டிருந்தாலும் டைம்டேபிள் ஒத்துவரும் ஜோடிகள்தான் நடக்கும். சேரும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: போன வருடம் இந்த ஜோடியை யாராவது எடுத்தார்களா?

அரசுக் கல்லூரிதான் என்றால், டிகிரிக்குள் டிகிரி கட்ட இடமில்லை. ஒரு டிகிரியை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு மீதியை வெளியிலிருந்து ஒட்ட வேண்டும்.

கருவூர்க்காரி

கணக்கன் சொன்னதோடு ஒன்று. முதுகெலும்பு எது என்பதை ஆசையை வைத்து முடிவு பண்ணாதீங்க. டிகிரி சான்றிதழில் அச்சாகும் பெயரை எந்தெந்தக் கதவு கேட்கும் என்று பார்த்து முடிவு பண்ணுங்க.

டி.ஆர்.பி. முதுகலை ஆசிரியர் தேர்வில் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக, அல்லது இணையானது என்று ஆணை உள்ள பாடமாக இருக்கணும். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து எம்.ஏ. தமிழ் படித்தால் "கிராஸ் மேஜர்". எவ்வளவு மார்க் எடுத்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும். டி.என்.பி.எஸ்.சி. குறிப்பிட்ட பட்டம் கேட்கும் பதவிகளிலும் இதே கதை. உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் இல்லை என்றால் இணைத்தன்மை அரசாணை காட்டணும், அதுவும் அறிவிக்கைத் தேதிக்கு முன்னால் வந்ததாக இருக்கணும். "பின்னாடி வாங்கித் தருகிறேன்" செல்லாது. அதனால்தான் "வித்" என்று வால் வைத்த புதுப்பெயர் டிகிரிகளைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறேன். பாடத்திட்டம் அருமையாகவே இருக்கலாம். ஆணை வந்ததா என்பதே கேள்வி.

எம்.சி.ஏ.வுக்கு ப்ளஸ் டூ அல்லது இளங்கலையில் கணிதம் வேணும். உங்களுக்கு ப்ளஸ் டூவில் இருக்கு, கவலையில்லை. எம்.ஏ. மொழியியலுக்குப் பெரும்பாலும் எந்த இளங்கலையும் போதும். அண்ணாமலை, பாரதியார் இரண்டிலும் மொழியியல் துறை இருக்கு.

இப்ப சொல்லுங்க, ஆசிரியர் வேலை கணக்கில் உண்டா இல்லையா?

நெய்தல்07

இல்லைங்க அக்கா. மொழிநுட்ப நிறுவனம், இல்லையென்றால் ஆராய்ச்சி. ஆசிரியர் வேலை இரண்டாம் பட்சம்கூட இல்லை.

புணரியல்

அப்படியானால் பி.ஏ. தமிழ் முதுகெலும்பாக வேண்டியதில்லை. ஆனால் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸும் வேண்டாம் என்பேன். பி.எஸ்ஸி. கணிதம் எடுங்கள்.

காரணம், இந்தத் துறையில் கடைசிவரை கூடவே வருபவை நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, தனிநிலைக் கணிதம் மூன்றும். நிரல் எழுதுவதை வெளியில் கற்றுக்கொள்ளலாம், கற்றவர் ஏராளம். மேட்ரிக்ஸை வெளியில் உட்கார்ந்து தனியாகக் கற்றவர் குறைவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் சிலபஸில் மூன்றாண்டில் நான்கைந்து நிரல்மொழி வரும், அவற்றுக்கு அடியில் இருக்கும் கணிதம் அலைடில் ஒதுங்கிப்போகும்.

ஒரே நிபந்தனை: அலைடு பாடம் புள்ளியியலாக இருக்கும் கல்லூரியைப் பிடியுங்கள். இயற்பியல் அலைடு இந்த வேலைக்கு உதவாது. ஒரே ஊரில் இரண்டு கல்லூரி இருந்தால் ஒன்றில் இயற்பியல், இன்னொன்றில் புள்ளியியல் என்று இருக்கும். கல்லூரி இணையதளத்தில் சிலபஸ் கோப்பைத் திறந்து முதல் நான்கு செமஸ்டர் எலக்டிவ் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாலைஷிப்ட்

புணரியல், ஒரு மறுப்பு. பி.எஸ்ஸி. கணிதத்தில் பகுதி 1 தமிழ் நான்கு தாள்தான். அதில் செய்யுள், உரைநடை, இலக்கிய வரலாறு, ஓரத்தில் கொஞ்சம் இலக்கணம். இந்தப் பிள்ளைக்குப் பிடித்தது நன்னூல். அதை ஆசிரியர் வைத்துப் படிக்க பி.ஏ. தமிழை விட்டால் வேறு இடம் எது? கோடு எழுத ஆள் கிடைக்கும். குற்றியலுகரம் தெரிந்து கோடு எழுத ஆள் எங்கே?

புணரியல்

நியாயம்தான். எங்கே இடிக்கிறது என்று காட்டிவிடுகிறேன், பிறகு யார் சொல்வது சரி என்று பார்க்கலாம்.

பெயர்ச்சொல்லோடு "ஐ" சேர்க்கும் சின்ன நிரல். மரம் → மரத்தை: மகரம் கெட்டு அத்துச் சாரியை வருகிறது. கிளி → கிளியை: யகர உடம்படுமெய். வண்டு → வண்டை: உகரம் கெடுகிறது. நாடு → நாட்டை: உகரமும் கெட்டு, ஒற்றும் இரட்டுகிறது. "உகரத்தில் முடிந்தால் உகரத்தை வெட்டு" என்று விதி எழுதினால் பசு "பசை" ஆகிவிடும். பசுவின் உகரம் முற்றியலுகரம், அது கெடாது. வகர உடம்படுமெய் வாங்கிப் "பசுவை" ஆகும். தனிக்குறிலை அடுத்த உகரமா என்று நிரல் கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வி நன்னூல் படித்தவருக்குத்தான் தோன்றும். அதுவரை மாலைஷிப்ட் சொல்வது சரி.

அடுத்தது: "ஆற்றில்" குளித்தான், "ஆறில்" ஒரு பங்கு. இரண்டுக்கும் அடிச்சொல் "ஆறு"தான், எழுத்தும் மாத்திரையும் ஒன்று. நதியா எண்ணா என்று விதியால் சொல்ல முடியாது. வாக்கியச் சூழலை வைத்து எது அதிக நிகழ்தகவு என்று பார்க்க வேண்டும். இங்கே நன்னூல் நின்றுவிடுகிறது, புள்ளியியல் தொடங்குகிறது. பேச்சறிதலிலும் மொழிபெயர்ப்பிலும் முக்கால்வாசி வேலை இந்த இரண்டாம் வகைதான்.

இரண்டும் வேண்டும். ஆனால் எதைத் தனியாகப் படித்துத் தேறலாம் என்றால், நன்னூல் எழுத்ததிகாரத்தை நல்ல உரையோடு ஆறு மாதத்தில் படித்துவிடலாம். நன்னூல் பிடித்தவர் என்று அவரே சொல்கிறார். பிடிக்காத ஒன்றைத்தான் கல்லூரியில் கட்டாயப் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். நான்-மேஜர் இரண்டு தாளையும் தமிழ்த் துறையில் எடுங்கள். தாளைவிட அந்தத் துறை ஆசிரியர் ஒருவரின் பழக்கம் முக்கியம். மூன்றாமாண்டு புராஜெக்ட் வரும்போது அவர் வேண்டும்.

மாலைஷிப்ட்

பசுவைப் பசை ஆக்கியதற்கு நன்றி :) சரி, கணிதத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், அரை மனதோடு.

கணக்கன்

இனி வெளியிலிருந்து ஒட்டுவது. இரண்டு பசை உண்டு (மாலைஷிப்ட் மன்னிக்க).

முதலாவது ஸ்வயம்/என்பிடெல், மத்திய அரசின் இணையவழிப் பாடங்கள். 12 வாரப் பாடம் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. படிப்பது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். மதிப்பெண்ணில் 25 அசைன்மென்ட், 75 நேரடித் தேர்வு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டை எடுப்பார்கள். சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தேர்வில் 70 வாங்கி அசைன்மென்டில் 9 என்றால் சான்றிதழ் கிடையாது. முதல் மூன்று வாரம் தள்ளிப்போட்டு மாட்டுகிறவர்கள் நிறைய.

ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக ஏற்கலாம் என்று யு.ஜி.சி. 2021 விதி சொல்கிறது. "ஏற்கலாம்" என்பதில்தான் சங்கதி. உங்கள் கல்லூரி கல்விக்குழு அந்தப் பாடத்தை அந்த செமஸ்டருக்கு முன்பே ஏற்றிருக்க வேண்டும். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நின்றால் கூடுதல் கிரெடிட் என்று மார்க்‌ஷீட்டின் அடியில் ஒரு வரி வரும், அல்லது அதுவும் வராது. எந்தத் தாளுக்குப் பதில் என்று துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கூடவே இன்னொரு டிகிரி. 2022 ஏப்ரலிலிருந்து யு.ஜி.சி. இரண்டு டிகிரி ஒரே நேரத்தில் அனுமதிக்கிறது: இரண்டும் நேரில் என்றால் வகுப்பு நேரம் மோதக் கூடாது, ஒன்று நேரில், மற்றது ஆன்லைன் அல்லது தொலைநிலை என்றால் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். இரண்டுமே ரெகுலர் என்று காலை ஷிப்ட், மாலை ஷிப்ட்டில் சேரக் கிளம்புகிறவர்கள் முதல் நாளே இடறுவது டி.சி.யில். ஒரிஜினல் ஒன்றுதானே இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்துவது சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. தேறினால் சேர்க்கை. அடித்தள நிலை 8 பாடம், 32 கிரெடிட். பிறகு நிரலாக்கம், டேட்டா சயின்ஸ் என்று தலா 27 கிரெடிட்டில் இரண்டு டிப்ளமோ. 114-ல் பி.எஸ்ஸி., 142-ல் பி.எஸ். நடுவில் எந்த நிலையிலும் சான்றிதழோடு வெளியேறலாம். பாடம் ஆன்லைன், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

கட்டணத் தள்ளுபடி உண்டு, பாதி முதல் முக்கால்வரை. இங்கே ஒரு பள்ளம்: நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் கேட்பார்கள், நடப்பு நிதியாண்டுத் தேதியோடு. இ-சேவையில் விண்ணப்பித்துக் கைக்கு வர நாளாகும். வருமானச் சான்றையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

மாலைஷிப்ட்

நேரக் கணக்கை யாரும் சொல்லவில்லையே. கலைக் கல்லூரியில் வாரம் 30 மணி நேர வகுப்பு, ஆறு டே ஆர்டர். வருகை 75 விழுக்காடு. அதற்குக் கீழே போனால் காண்டனேஷன் கட்டணம் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டுவது), இன்னும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே இல்லை. ஐ.ஐ.டி. பாடம் ஒன்றுக்கு வாரம் சுமார் 10 மணி நேரம். மூன்று எடுத்தால் 30 + 30, பஸ் பயணம் தனி. எந்தப் பக்கமாவது அரியர் விழும்.

ஐ.ஐ.டி. டெர்ம் வருடத்துக்கு மூன்று: ஜனவரி, மே, செப்டம்பர். கல்லூரி செமஸ்டர் தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும். ஜனவரி டெர்மின் கடைசி வாரங்கள் ஏப்ரலோடு நேராக மோதும். செப்டம்பர் டெர்மில் நடுவில் வரும் குவிஸ் நவம்பரோடு உரசும். மே டெர்மில் பாதி கோடை விடுமுறையில் ஓடும். ஆகவே மே-யில் 3, செப்டம்பரில் 2, ஜனவரியில் 1. வருடத்துக்கு 6. மூன்று வருடத்தில் அதிகபட்சம் 18. அதில் 8 அடித்தளத்துக்கே போய்விடும். மீதியில் ஒரு டிப்ளமோ முடியும். முழு பி.எஸ். மூன்றாண்டில் முடிப்பேன் என்று திட்டம் போடாதீர்கள்.

அரசுப் பள்ளி, பெண் பிள்ளை என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் ரெகுலர் கல்லூரிக்குத்தான் வரும். "கல்லூரி எதுக்கு, ஆன்லைன் டிகிரி மட்டும் போதும்" என்று யாராவது சொன்னால் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஹட்சன்கரை

வேறொரு கோணம். அமெரிக்காவில் "தானே வடிவமைக்கும் மேஜர்" நிஜமாகவே உண்டு. நியூயார்க் பல்கலையின் கேலட்டின் பள்ளி 1972-லிருந்து இதற்கென்றே நடக்கிறது. அங்கே மாணவர் தம் துறைக்குத் தாமே பெயர் வைத்து, ஏன் இந்தப் பாடங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்று எழுதி ஆலோசகரிடம் காட்டுவார். கடைசி ஆண்டில் இருபது இருபத்தைந்து நூல் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஆசிரியர்களோடு இரண்டு மணி நேர வாய்மொழி உரையாடல்.

பாடப்பட்டியலை மட்டும் கொண்டுபோனால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். "எனக்கு இவை பிடிக்கும்" என்பது காரணம் ஆகாது. ஒரு கேள்வி வேண்டும், ஒவ்வொரு பாடமும் அந்தக் கேள்வியின் எந்தப் பகுதிக்குப் பதில் என்று ஒரு வரி வேண்டும். நெய்தல்07 அதைச் செய்து பார்க்கலாம். உதாரணத்துக்கு: "ஒட்டு ஒட்டாகச் சொல் வளரும் தமிழில், சொல்லை எங்கே வெட்டினால் இயந்திரம் குறைந்த தரவில் கற்கும்?" இதற்குத் தேவையில்லாத பாடம் பட்டியலில் இருந்தால் அடித்துவிடலாம்.

கருவூர்க்காரி

நல்ல பயிற்சிதான். ஆனா இங்கே அந்தத் தாளை எந்த ஆபீஸிலும் யாரும் படிக்க மாட்டாங்க. வெளிநாட்டு முதுகலைக்கு நோக்க அறிக்கை எழுதும்போது உதவும்.

அதையே நினைத்தால் இன்னும் இரண்டு விஷயம். ஜெர்மனி மாதிரி இடங்களில் டிகிரி பெயரைவிட "மொழியியலில் எத்தனை, கணினியில் எத்தனை, கணிதத்தில் எத்தனை கிரெடிட்" என்று எண்ணுவாங்க. அங்கே ஒரு கிரெடிட் 25–30 மணி நேர உழைப்பு, வீட்டில் படிப்பதும் சேர்த்து. இங்கே 15 மணி நேர வகுப்பு. எண்ணை அப்படியே மாற்றிப் போட முடியாது. அதனால் ஒவ்வொரு தாளின் சிலபஸும் மணி நேரத்தோடு, கல்லூரி முத்திரையோடு கையில் இருக்கணும். சிலபஸ் மாறினால் பழைய கோப்பு இணையதளத்திலிருந்து போய்விடும். செமஸ்டர் முடிந்ததும் இறக்கி வையுங்க.

மார்க்கை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் சூத்திரம்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழி, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு, 3-ஆல் பெருக்கு, 1 கூட்டு. 70 மார்க், தேர்ச்சி 40 என்றால் 30/60 × 3 + 1 = 2.5. அதே 70-க்குத் தேர்ச்சி 50 என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் 2.8. பல இடங்களில் வெட்டு 2.5, எண் அதற்கு மேலே போனால் எடுக்க மாட்டாங்க. மார்க்‌ஷீட்டின் பின்பக்கம் "தேர்ச்சி 40" என்று அச்சாகி இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி பல்கலையிடம் கடிதம் வாங்குங்க.

உள்நாட்டில் முதுகலைக்குக் கேட் நுழைவுத் தேர்வு: மூன்றாமாண்டில் இருப்பவரே எழுதலாம், கலை அறிவியல் மாணவரும் எழுதலாம். மானுடப் புலம்–சமூக அறிவியல் தாளில் மொழியியல் ஒரு பிரிவு. 2024 முதல் டேட்டா சயின்ஸ்–செயற்கை நுண்ணறிவுக்குத் தனித் தாளும் இருக்கு.

நெய்தல்07

எல்லாருக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கிறேன்:

பி.எஸ்ஸி. கணிதம், அலைடு புள்ளியியல். நான்-மேஜர் இரண்டும் தமிழ்த் துறை. முதலாண்டு ஐ.ஐ.டி. அடித்தளம் 6 பாடம், ஸ்வயத்தில் மொழியியல் ஒன்று, நான் முதல்வன் (தமிழக அரசின் திறன் திட்டம்) பாடம், இந்தி டிப்ளமோ. இரண்டாமாண்டு அடித்தளம் மீதி, நிரலாக்க டிப்ளமோ பாதி, என்பிடெல் இயற்கை மொழிச் செயலாக்கம். மூன்றாமாண்டு டிப்ளமோ மீதி, புராஜெக்ட்: தமிழ்ச் சொல்பகுப்பி (சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரிக்கும் நிரல்).

புணரியல்

இந்தி டிப்ளமோ எந்தக் கேள்விக்குப் பதில்? எடுத்துவிடுங்கள். முதலாண்டில் ஸ்வயமும் வேண்டாம். நான் முதல்வன் கல்லூரியே டைம்டேபிளில் வைத்துவிடும், அதைத் தனியாக எண்ண வேண்டியதில்லை. இயற்கை மொழிச் செயலாக்கத்தை மூன்றாமாண்டுக்குத் தள்ளுங்கள். நிகழ்தகவு முடியாமல் அதில் உட்கார்ந்தால் மூன்றாம் வாரம் மொழி மாதிரிகளிலேயே தடுமாறும்.

புராஜெக்ட் அகலமாக இருக்கிறது. "தமிழ்ச் சொல்பகுப்பி" ஒரு செமஸ்டரில் முடியாது. "பெயர்ச்சொல், எட்டு வேற்றுமை, ஒருமையும் பன்மையும்" என்று வேலி போடுங்கள். வினையைத் தொடாதீர்கள். ஃபோமா என்ற இலவசக் கருவியில் முடிவுறு நிலை விதிகளாக எழுதலாம். செய்தித்தாள் உரையிலிருந்து 500 பெயர்ச்சொல் வடிவங்களைக் கையால் பகுத்துச் சோதனைத் தொகுப்பாக வையுங்கள், விதி எழுதத் தொடங்கும் முன்பே. எழுதிய பின் தொகுத்தால், நமக்குத் தெரியாமலே நிரல் தேறும் சொற்களாகப் பொறுக்குவோம். அந்த 500-ஐச் சரிபார்க்கத்தான் தமிழ்த் துறை ஆசிரியர்.

முதல் நாளே மாட்டும் இடம் யூனிகோடு. "கொ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோல் தெரியும். பைத்தான் முதலாவதன் நீளம் 2 என்னும், இரண்டாவதன் நீளம் 3 என்னும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்னும். உரையை உள்ளே எடுத்ததும் இயல்பாக்கம் (எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுவது) செய்துவிட்டுத்தான் மற்றது. அதேபோல் "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு 5 குறி. கடைசி எழுத்தை வெட்டச் சொன்னால் புள்ளியை மட்டும் வெட்டி "தமிழ" என்று கொடுக்கும்.

கணக்கன்

திட்டம் இப்போது தாங்கும். சேர்க்கைக்கு முன் ஒரு வேலை மட்டும். நீங்கள் வாங்கும் கிரெடிட்டெல்லாம் சேரும் கிரெடிட் வங்கிக் கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதாரோடு திறக்கும். பள்ளிச் சான்றிதழில் "ம. கயல்விழி" என்றும் ஆதாரில் "கயல்விழி மாரிமுத்து" என்றும் இருந்தால் கல்லூரி ஏற்றும் கிரெடிட் ஒரு பெயரிலும் ஐ.ஐ.டி. கிரெடிட் இன்னொரு பெயரிலுமாக நிற்கும். வங்கியில் கிரெடிட் ஏழு ஆண்டுவரை செல்லும், ஆனால் பெயர் பொருந்தாதது ஏறவே ஏறாது. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் எப்படி இருக்கிறதோ, இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா என்பதுவரை, ஆதாரை அப்படியே திருத்திவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரம் இ-சேவையில் வரிசை தெருவரை நிற்கும். இப்போதே போங்கள்.

நெய்தல்07

பார்த்தேன். ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க்‌ஷீட்டில் முன்னால். திங்கட்கிழமை போகிறேன். ஓ.பி.சி. படிவமும் அன்றைக்கே.